டவுன்லோடு உயிரோட இருக்கு சரி, ஆனா ஓடுதா?

ஒரு பயாலஜி ரிசர்ச் குரூப்புக்கு லினக்ஸ் சர்வர் பாத்துக்கறது என் வேலை. இங்க டவுன்லோடுன்னா பிரவுசர்ல கிளிக் பண்ணி இறக்கற சமாச்சாரம் இல்ல, கேம்பிரிட்ஜ் பக்கத்துல ஹிங்ஸ்டன்ல இருக்கற யூரோப்பியன் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டோட ஈஎன்ஏ ஆர்க்கைவ்ல இருந்து சீக்வென்சிங் டேட்டா இறக்கறது. ஒரு ஆளோட ஜீனோமை 30 மடங்கு ஆழத்துல (ஒவ்வொரு எடத்தையும் சராசரியா 30 தடவ படிக்கற மாதிரி) சீக்வென்ஸ் பண்ணா, கம்ப்ரெஸ் பண்ண ஃபாஸ்ட்க்யூ (மெஷின் படிச்ச டிஎன்ஏ எழுத்துகள் இருக்கற) ஃபைல் ஜோடி சுமாரா 60ல இருந்து 100 ஜிபி வரைக்கும் வரும், ஒரு ஸ்டடிக்கு அந்த மாதிரி பத்து பன்னெண்டு சாம்பிள் எடுத்தாலே 1 டெராபைட்ட தொட்டுரும். 100 எம்பிபிஎஸ் லைன் முழுசா நமக்கே கெடச்சாலும் செகண்டுக்கு 12.5 எம்பி தான், 1 டெராபைட்டுக்கு 80,000 செகண்ட், அதாவது 22 மணி நேரத்துக்கு மேல. நெஜத்துல லைன் முழுசா யாருக்கும் கெடைக்காது, அதனால ரெண்டு நாள் மூணு நாள்னு இழுக்கும். அவ்ளோ நேரம் லேப்டாப்ப தெறந்து வச்சுட்டு யாரும் உக்காந்திருக்க முடியாது, பேக்ரவுண்டுல போட்டுட்டு வீட்டுக்கு போயே ஆகணும்.

அப்படி போட்டுட்டு போனத நடுவுல எப்படி பாக்கறது, மறுபடி எப்படி புடிக்கறது, செத்துப்போனா எப்படி விட்ட எடத்துல இருந்து தொடர்றது, இதுக்கெல்லாம் ஷெல் (நாம அடிக்கற கமாண்ட வாங்கி ஓட்டற ப்ரோக்ராம்) ஸ்கிரிப்ட்ல என்ன பண்ணலாம்னு தான் எழுதறேன். கோட அப்படியே ஒட்டல, ஒவ்வொருத்தர் சர்வரும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்ங்கறதால லாஜிக்க சொல்றேன், அது புரிஞ்சுட்டா கோடு பத்து வரில எழுதிடலாம்.

முதல்ல ஏன் சாகுதுன்னு தெரியணும். எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள லாகின் பண்ற வழி) உள்ள வந்து ஒரு கமாண்ட் ஓட்டறீங்க, நெட் கட்டாகுது, சர்வர் பக்கம் அந்த கனெக்ஷன் போயிருச்சுன்னு தெரிஞ்சதும் டெர்மினல மூடிடும், மூடும்போது கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) ஷெல்லுக்கு சிக்ஹப்னு ஒரு சிக்னல் அனுப்பும், நம்பர் 1. மோடம் வச்சு போன் லைன்ல லாகின் பண்ண காலத்துல லைன் அறுந்தா ஷெல்லுக்கு சொல்றதுக்குன்னு வந்த சிக்னல் அது, இன்னிக்கு ஃபைபர்லயும் அதே தான் வருது. ஷெல் அத வாங்கி தனக்கு கீழ ஓடற எல்லா ஜாபுக்கும் அனுப்பி வைக்கும், பெரும்பாலான ப்ரோக்ராம் அத வாங்குனதும் செத்துரும். இதுல ஒரு விஷயம் எங்க குரூப் பசங்கள ரொம்ப குழப்பும். ஆம்பர்சாண்ட் போட்டு பேக்ரவுண்டுல விட்டுட்டு எக்சிட் அடிச்சு ஒழுங்கா வெளிய போனா, பாஷ் (லினக்ஸ்ல வழக்கமா இருக்கற ஷெல்) டீஃபால்ட்டா அந்த சிக்னல அனுப்பாது, ஜாப் தப்பிச்சுரும். அதே ஜாப், நெட் கட்டாகி வெளிய விழுந்தா செத்துரும். அதனால தான் "போன வாரம் இப்படியே தானக்கா போட்டேன், ஓடுச்சே"ன்னு சொல்றாங்க, அவங்க சொல்றது உண்மை தான்.

இதுல இருந்து தப்பிக்க ரெண்டு கமாண்ட் உண்டு. நோஹப் இந்த சிக்னல கண்டுக்காதன்னு சொல்லி ப்ரோக்ராம ஓட்டும், டிஸ்ஓன் ஷெல்லோட ஜாப் லிஸ்ட்ல இருந்தே அத எடுத்துடும். ரெண்டும் வேலைக்கு ஆகும், ஆனா ரெண்டுலயும் அனுப்பி வைக்க மட்டும் தான் வழி இருக்கு, திரும்பி போய் புடிக்க வழி இல்ல. நோஹப் போட்டா அவுட்புட் ஒரு ஃபைல்ல விழும், அத டெயில் பண்ணி பாக்கலாம், அவ்ளோ தான், உள்ள ஒரு கேள்வி கேட்டுட்டு நின்னா பதில் சொல்ல முடியாது. டிஸ்ஓன்ல இன்னொரு ஆபத்து, அவுட்புட் இன்னும் பழைய டெர்மினலுக்கே போயிட்டு இருக்கும், அந்த டெர்மினல் மூடுனதுக்கப்பறம் எழுத போனா எரர் வரும், ப்ராக்ரஸ் காட்டற ப்ரோக்ராமா இருந்தா அந்த எரர்லயே விழுந்துரலாம்.

சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ், லாகின் எல்லாத்தையும் பாத்துக்கற ப்ரோக்ராம்) பத்தியும் ஒரு வார்த்தை. 2016ல வந்த 230வது வெர்ஷன்ல, யூசர் லாக்அவுட் பண்ணா அவரோட எல்லா ப்ராசஸையும் கொன்னுடுங்கறத டீஃபால்ட் ஆக்கினாங்க, நோஹப் போட்டதும் டீமக்ஸ்ல (கீழ சொல்றேன்) இருந்ததும் சேந்து போச்சு, பெரிய சண்டையே நடந்துச்சு. டெபியன் மாதிரி சில டிஸ்ட்ரோ அத ஆஃப் பண்ணியே குடுக்கறாங்க. உங்க சர்வர்ல எப்படின்னு லாகின்டி கான்ஃபிக் ஃபைல்ல கில் யூசர் ப்ராசஸஸ் வரிய ஒரு தடவ பாத்துடுங்க, ஆன்ல இருந்தா அந்த யூசருக்கு லிங்கர் (லாக்அவுட் ஆனப்பறமும் அவரோட வேலை ஓடலாம்ங்கற அனுமதி) எனேபிள் பண்ணனும், அது மட்டும் போதாது, வேலைய சிஸ்டம்டி-ரன் கமாண்ட்ல யூசர், ஸ்கோப் ஆப்ஷன் போட்டு லாகின் செஷனுக்கு வெளிய தொடங்கணும். இத பாக்காம கீழ சொல்ற எதையும் செஞ்சு பிரயோஜனம் இல்ல.

இனி திரும்ப புடிக்கற விஷயம். எல்லாருக்கும் தெரிஞ்ச வழி ஸ்க்ரீன், இல்லன்னா டீமக்ஸ். ஸ்க்ரீன் 1987ல பெர்லின் டெக்னிக்கல் யூனிவர்சிட்டில ஆலிவர் லவ்மன் எழுதுனது, டீமக்ஸ் 2007ல நிக்கோலஸ் மேரியட் ஆரம்பிச்சது. ரெண்டும் செய்யறது ஒண்ணு தான், நிஜ டெர்மினலுக்கும் ப்ரோக்ராமுக்கும் நடுவுல ஒரு பொய் டெர்மினல சர்வர்லயே வச்சுக்கும், உங்க கனெக்ஷன் போனா அது போகாது. நான் டீமக்ஸ் தான் யூஸ் பண்றேன், ஸ்கிரிப்ட்ல இருந்து கேள்வி கேக்கறதுக்கு அது ரொம்ப வசதி.

ஸ்கிரிப்ட் செய்யறது இவ்ளோ தான்: சாம்பிள் பேர்லயே ஒரு செஷன் பேர், அந்த செஷன் இருக்கான்னு ஹாஸ்-செஷன் கமாண்ட்ல கேளு, இருந்தா அட்டாச் பண்ணு, இல்லன்னா டிடாச் நிலைலயே புதுசா ஒண்ண தொடங்கு. இதுல ஒரு குழி இருக்கு, அத யாருமே எடுத்து சொல்றதில்ல. டீமக்ஸ் செஷன் பேர தேடும்போது அதே பேர் கெடைக்கலன்னா அந்த எழுத்துல ஆரம்பிக்கற வேற பேர் இருக்கான்னு பாக்கும். சாம்பிள்1 செஷன் செத்துப்போச்சு, ஆனா சாம்பிள்10 ஓடிட்டு இருக்குன்னு வைங்க, சாம்பிள்1 இருக்கான்னு கேட்டா "இருக்கு"ன்னு பதில் வரும். ஸ்கிரிப்டும் நம்பி விட்டுடும், சாம்பிள்1 எப்பவுமே மறுபடி தொடங்காது. நமக்கு பேரெல்லாம் நம்பர்ல முடியறதால இது நடக்காம இருக்காது. பேருக்கு முன்னாடி ஒரு ஈக்வல்ஸ் குறி போட்டுட்டா அதே பேர மட்டும் தான் பாக்கும், ஒரே ஒரு எழுத்து, கட்டாயம் போடுங்க.

ரிமெய்ன்-ஆன்-எக்சிட் ஆப்ஷனையும் ஆன் பண்ணிடுங்க. இல்லன்னா உள்ள ஓடுன கமாண்ட் முடிஞ்ச உடனே செஷனும் காணாம போயிரும், நல்லபடியா முடிஞ்சுதா எரர்ல செத்துச்சான்னு பாக்க எதுவும் மிஞ்சாது. ஆன்ல இருந்தா செத்த பேன் (செஷனுக்குள்ள கமாண்ட் ஓடுன ஜன்னல்) அப்படியே நிக்கும், கடைசி வரிகள் இருக்கும், எந்த எக்சிட் கோட்ல போச்சுன்னும் டீமக்ஸையே கேட்டு வாங்கிக்கலாம். அட்டாச் பண்ணாமலே ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு பாக்க கேப்சர்-பேன் இருக்கு, அதோட கடைசி வரிய மட்டும் எடுத்து ஒரு லாக் ஃபைல்ல போட்டாலே பாதி மானிட்டரிங் முடிஞ்ச மாதிரி.

வீட்டு நெட் கட்டாகி மறுபடி உள்ள வரும்போது இன்னொண்ணு நடக்கும். பழைய கனெக்ஷன் போயிருச்சுன்னு சர்வருக்கு இன்னும் தெரியாது, அதனால செஷன் ஏற்கனவே அட்டாச் ஆகியிருக்குன்னு காட்டும். ஸ்க்ரீன்ல சும்மா திரும்ப புடிக்க பாத்தா முடியாதுன்னு சொல்லிடும், அங்க முதல்ல டிடாச் பண்ணிட்டு அப்பறம் அட்டாச் பண்ணுன்னு ரெண்டையும் சேத்து குடுக்கணும். டீமக்ஸ் விட்டுரும், ஆனா பழைய ஆள கழட்டிவிட்டு உள்ள வர்றது தான் நல்லது, இல்லன்னா ஸ்க்ரீன் சைஸ் குழப்பம் வரும்.

ஏற்கனவே டீமக்ஸ் இல்லாம தொடங்கிட்டாங்க, 40 ஜிபி வந்துருச்சு, இப்ப என்ன பண்றதுன்னு கேட்டு வர்றவங்களும் உண்டு. நெல்சன் எல்ஹேஜ் எழுதுன ரெப்டிர்னு ஒரு டூல் இருக்கு, ஓடிட்டு இருக்கற ப்ராசஸ பீட்ரேஸ் (ஒரு ப்ராசஸ் இன்னொண்ண கட்டுப்படுத்த கர்னல் குடுக்கற வசதி) வச்சு புடிச்சு இந்த டெர்மினலுக்கு மாத்தி குடுக்கும். ஆனா உபுண்டுல டீஃபால்ட்டா பீட்ரேஸுக்கு கட்டுப்பாடு இருக்கு, ரூட் இல்லாம வேலைக்கு ஆகாது, கீழ இன்னொரு ப்ராசஸ் வச்சிருக்கற ப்ரோக்ராம்னா, ஆர்சிங்க் (ஃபைல் நகத்தற டூல், பின்னாடி வருது) மாதிரி, தகராறு பண்ணும். அந்த நேரத்துல நான் சொல்றது, ரீஸ்யூம் ஆகற டிரான்ஸ்ஃபரா இருந்தா நிறுத்திட்டு டீமக்ஸுக்குள்ள மறுபடி தொடங்குங்க, அஞ்சு நிமிஷத்துல முடியும்.

இப்ப எல்எஃப்டிபி, எஃப்டிபி வழியா ஃபைல் இறக்கற கமாண்ட் லைன் ப்ரோக்ராம். இத பத்தி தமிழ்ல யாரும் பெருசா எழுதி நான் பாத்ததில்ல, எனக்கு ரொம்ப புடிச்ச டூல், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். அலெக்சாண்டர் லுக்யானவ் எழுதுனது. ஈஎன்ஏல எஃப்டிபி வழியா ஃபைல் குடுக்கறதால எங்களுக்கு தினமும் தேவைப்படுது. உள்ள டவுன்லோடு ஓடிட்டு இருக்கும்போதே எக்சிட் அடிச்சா, மத்த ப்ரோக்ராம் மாதிரி ஜாப கொல்லாது, பிராக்கெட்டுக்குள்ள ஒரு ப்ராசஸ் நம்பர் போட்டு, டிரான்ஸ்ஃபர முடிக்க பேக்ரவுண்டுக்கு போறேன்னு ஒரு வரி சொல்லிட்டு தானாவே டெர்மினல விட்டு கழண்டு போயிரும். நோஹப் வேணாம், டீமக்ஸ் வேணாம். அடுத்த நாள் வந்து எல்எஃப்டிபிய தொடங்கி அட்டாச்னு சொல்லி அந்த நம்பர குடுத்தா, உங்க டெர்மினலோட ஃபைல் டிஸ்கிரிப்டரையே யூனிக்ஸ் சாக்கெட் வழியா அந்த பழைய ப்ராசஸுக்கு தூக்கி குடுத்துடும், நேத்து விட்ட அதே ப்ராம்ப்ட் உங்க முன்னாடி வந்து நிக்கும். ஜாப்ஸ்னு அடிச்சா எது எவ்ளோ வந்திருக்குன்னு தெரியும், வேகத்த கொறைக்கணும்னா அங்கயே கொறைக்கலாம், க்யூல இன்னொரு ஃபைல் சேக்கலாம், மறுபடி எக்சிட் அடிச்சா மறுபடி பேக்ரவுண்டு. எவ்ளோ அழகா யோசிச்சு பண்ணிருக்காங்கன்னு ஒவ்வொரு தடவையும் தோணும்.

நாலஞ்சு எல்எஃப்டிபி பேக்ரவுண்டுல ஓடுச்சுன்னா எது எந்த சாம்பிள்னு நம்பர பாத்து தெரியாது. அந்த யூசரோட எல்எஃப்டிபி ப்ராசஸ் எல்லாத்தையும் பீக்ரெப்ல எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ப்ராக் டைரக்டரில (ஓடற ப்ராசஸ் பத்தின விவரத்த கர்னல் காட்டற எடம்) எஃப்டி ஃபோல்டர்ல எந்த ஃபைல் தெறந்திருக்குன்னு பாத்து, பக்கத்துல பக்கத்துல ப்ரிண்ட் பண்ற ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வச்சிருக்கேன். நம்பர், ஃபைல் பேர், அவ்ளோ தான். பசங்க அத ஓட்டி பாத்து தங்களோடது எதுன்னு கண்டுபுடிச்சு அட்டாச் பண்ணிக்கறாங்க, என்ன கூப்பிடறதில்ல.

நம்ம ஊர்ல இருந்து இங்கிலாந்து வரைக்கும் போய் வர்ற நேரம் அதிகம்ங்கறதால ஒரே கனெக்ஷன்ல வேகம் ஏறாது, அதனால பிகெட் கமாண்ட்ல ஒரு ஃபைல நாலு அஞ்சு துண்டா பிரிச்சு ஒரே நேரத்துல இழுப்போம். (அதுக்குன்னு இருபது முப்பதுன்னு போடாதீங்க, அது பொது ஆர்க்கைவ், உலகம் பூரா ஆளுங்க இழுக்கற எடம்.) இங்க தான் மானிட்டரிங் ஸ்கிரிப்ட் எழுதறவங்க ஏமாறுவாங்க. எல்எஸ் அடிச்சு ஃபைல் சைஸ் பாத்தா தொடங்குன கொஞ்ச நேரத்துலயே கிட்டத்தட்ட முழு சைஸ் காட்டும், ஏன்னா கடைசி துண்டு ஃபைலோட கடைசி பகுதில எழுதிட்டு இருக்கும், நடுவுல எல்லாம் ஓட்டை. சரி டியூ போட்டு டிஸ்க்ல நெஜமா புடிச்ச எடத்த பாக்கலாம்னா, எல்எஃப்டிபிக்கு முன்கூட்டியே எடம் ஒதுக்கி வைக்கற செட்டிங்கும் இருக்கு, அது ஆன்ல இருந்தா டியூவும் முழுசா காட்டும். ரெண்டையும் நம்ப கூடாது.

நம்ப வேண்டியது பக்கத்துலயே இருக்கற ஸ்டேட்டஸ் ஃபைல. பிகெட் ஓடும்போது டவுன்லோடு ஃபைல் பேரோட கடைசில எல்எஃப்டிபி-பிகெட்-ஸ்டேட்டஸ்னு சேத்து ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், கேட் பண்ணி பாருங்க. முதல் வரி சைஸ், மொத்த பைட். அப்பறம் 0 புள்ளி பாஸ், 0 புள்ளி லிமிட், 1 புள்ளி பாஸ், 1 புள்ளி லிமிட்னு துண்டு துண்டா போகும். பாஸ்ங்கறது அந்த துண்டு இப்ப எங்க நிக்குது, லிமிட்ங்கறது எது வரைக்கும் போகணும். ஒவ்வொரு துண்டுக்கும் லிமிட்ல இருந்து பாஸ கழிச்சு எல்லாத்தையும் கூட்டுனா இன்னும் வர வேண்டிய பைட் எவ்ளோன்னு கெடச்சிரும். ஆக்ல (டெக்ஸ்ட் ஃபைல படிச்சு கணக்கு போடற கமாண்ட்) ஒரு வரி. மொத்தத்துல அத கழிச்சா வந்தது. கெஸ்ஸே கெடையாது, ப்ரோக்ராமே தன் கைப்பட எழுதி வச்ச கணக்கு. நடுவுல ப்ராசஸ் செத்தாலும் இந்த ஃபைல் இருக்கற வரைக்கும் கன்டினியூ ஆப்ஷன் போட்டு தொடங்குனா விட்ட எடத்துல இருந்தே தொடரும், அதனால "இது என்னமோ டெம்ப் ஃபைல்"னு நெனச்சு யாரும் அழிச்சிர கூடாது, ஃபோல்டர்ல ஒரு ரீட்மீ போட்டே வச்சிருக்கேன்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். நெறைய பேர் எழுதற மானிட்டர் ஸ்கிரிப்ட் ப்ராசஸ் இருக்கான்னு பாக்கும், கில் கமாண்டுக்கு 0ன்னு குடுத்து கேக்கும், இருந்தா ஓகேன்னு எழுதிட்டு போயிரும். மோட்டார் ஓடற சத்தம் கேக்குதுங்கறதுக்காக டேங்க்ல தண்ணி ஏறுதுன்னு சொல்ல முடியாதுல்ல, அதே கதை தான். நடுவுல ஏதோ ஒரு ரவுட்டரோ ஃபயர்வாலோ கனெக்ஷன மறந்துருச்சுன்னா, ரெண்டு பக்கத்துக்கும் யாரும் சொல்ல மாட்டாங்க. டேட்டா வாங்கற ப்ராசஸ் அடுத்த பைட்டுக்காக காத்துட்டே இருக்கும், சிபியூ யூஸ் பண்ணாது, எரர் வராது, பிஎஸ்ல பாத்தா ஸ்லீப்பிங்னு சாதுவா இருக்கும். லினக்ஸோட டிசிபி கீப்அலைவ் ஆன்ல இருந்தாலும் டீஃபால்ட்டா 7,200 செகண்ட் கழிச்சு தான் முதல் தடவ தட்டி பாக்கும், அதாவது 2 மணி நேரம். ப்ரோக்ராம் அத ஆன் பண்ணலன்னா எப்பவுமே தட்டாது. வெள்ளிக்கிழமை ராத்திரி நின்னது திங்கக்கிழமை காலைல வரைக்கும் "உயிரோட" இருக்கும்.

அதனால என் ஸ்கிரிப்ட் ப்ராசஸ கேக்காது, பைட்ட கேக்கும். க்ரான்ல (நேரம் குறிச்சு வேலைய தானா ஓட்டற வசதி) 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓடும். ஸ்டேட்டஸ் ஃபைல்ல இருந்து பாக்கி எவ்ளோன்னு எடுக்கும், போன தடவ எழுதி வச்ச பாக்கிய எடுக்கும், கழிக்கும், 300ஆல வகுக்கும். 5 நிமிஷத்துல 3 ஜிபி கொறஞ்சிருந்தா செகண்டுக்கு 10 எம்பி, நல்லா போகுது. அடுத்தடுத்து ரெண்டு தடவ ஒரு பைட் கூட கொறையலன்னா "நிக்குது"ன்னு எழுதும். எல்லாரும் படிக்கற மாதிரி ஒரு ஃபைல்ல, சாம்பிளுக்கு ஒரு வரி: பேர், பாக்கி ஜிபி, வேகம், நிலைமை, நேரம். நிலைமைக்கு நாலே வார்த்தை தான் வச்சிருக்கேன், ஓடுது, நிக்குது, செத்துருச்சு, சரிபாத்தாச்சு. மெயில் அனுப்பறது நிலைமை மாறும்போது மட்டும் தான், ஒவ்வொரு 5 நிமிஷத்துக்கும் மெயில் போட்டா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. ஸ்டேட்டஸ் ஃபைல் வைக்காத ப்ரோக்ராம்னா ப்ராக் டைரக்டரில எஃப்டிஇன்ஃபோ இருக்கு, தெறந்திருக்கற ஒவ்வொரு ஃபைல்லயும் இப்ப எந்த எடத்துல நிக்குதுன்னு பாஸ்னு ஒரு வரில காட்டும். ப்ராக்ரஸ்னு ஒரு டூல் இருக்கே, அதுவும் இத படிச்சு தான் பர்சென்டேஜ் போடுது.

ஆர்சிங்குக்கு வந்தா கணக்கு கொஞ்சம் மாறும். எங்க குரூப்புக்குள்ள, ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்கு ரிசல்ட் நகத்தறது எல்லாம் ஆர்சிங்க் தான், ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996ல வெளிய விட்டது, இன்னும் அத அடிச்சுக்க ஆள் இல்ல. இதுல அட்டாச்ங்கறதே பெருசா தேவைப்படாது, ஏன்னா சரியா ஆப்ஷன் குடுத்தா செத்தாலும் கவலை இல்ல, மறுபடி ஓட்டுனா போதும். டீஃபால்ட்டா ஆர்சிங்க் வர்ற ஃபைல புள்ளில ஆரம்பிக்கற ஒரு டெம்ப் பேர்ல எழுதும், நடுவுல நிறுத்துனா அத அழிச்சிரும். 80 ஜிபி ஃபைல்ல 79 வந்தப்பறம் போனாலும் அழிச்சிரும். பார்ஷியல் ஆப்ஷன் குடுத்தா வெச்சுக்கும், பார்ஷியல்-டிர் குடுத்து தனி ஃபோல்டர்ல வெச்சா இன்னும் நல்லது, பாதி ஃபைல முழு ஃபைல்னு நெனச்சு யாரும் அனாலிசிஸ் ஓட்டிட மாட்டாங்க. டைம்அவுட் ஆப்ஷனுக்கு டீஃபால்ட் 0, அதாவது எப்பவுமே காத்திருக்கும், அதுக்கு ஒரு நம்பர் குடுத்தே ஆகணும். கூடவே எஸ்எஸ்ஹெச்ல சர்வர் அலைவ் இன்டர்வல் 30 செகண்ட்னு வச்சா, 3 தடவ பதில் வரலன்னா கனெக்ஷன அதுவே அறுத்துடும். நின்னுட்டே இருக்கறத விட செத்துப்போறது நமக்கு நல்லது, செத்தத தான் ஸ்கிரிப்ட் மறுபடி ஓட்ட முடியும்.

மறுபடி ஓட்டற லூப்ல எக்சிட் கோட பாத்து முடிவு பண்ணணும், எதுக்கெடுத்தாலும் ரீட்ரை பண்ண கூடாது. 30 வந்தா டைம்அவுட், 12 வந்தா நடுவுல பேச்சு அறுந்தது, 255 வந்தா எஸ்எஸ்ஹெச் பக்கம் பிரச்சனை, இதுக்கெல்லாம் கொஞ்சம் தூங்கிட்டு மறுபடி முயற்சி பண்ணலாம், தூங்கற நேரத்த ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டே போங்க. 11 வந்தா ஃபைல் எழுதறதுல பிரச்சனை, அனேகமா டிஸ்க் ஃபுல், மறுபடி ஓட்டி என்ன ஆகப்போகுது, நிறுத்திட்டு மெயில் அனுப்பு. 23ல கவனம் வேணும், சில ஃபைல் வரலன்னு அர்த்தம், பர்மிஷன் இல்லாததால வரலன்னா ஆயிரம் தடவ ஓட்டினாலும் வராது. 24 வந்தா அனுப்பற பக்கம் நடுவுல சில ஃபைல் காணாம போச்சு, எங்க வேலைக்கு அது பெரும்பாலும் பரவால்ல.

இதே லூப் ராத்திரி 2 மணிக்கு லாகின் ஆக முடியாம தவிக்கும், பகல்ல நல்லா ஓடுன அதே ஸ்கிரிப்ட். காரணம் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட், அதாவது லாகின் கீய கையில வச்சுட்டு கேக்கும்போது குடுக்கற ப்ரோக்ராம். உங்க லேப்டாப்ல இருக்கற கீய ஃபார்வர்ட் பண்ணி யூஸ் பண்ணிட்டு இருந்திருப்பீங்க, லேப்டாப்ப மூடுன உடனே அந்த சாக்கெட் செத்துரும், டீமக்ஸுக்குள்ள இருக்கற ஷெல் இன்னும் பழைய சாக்கெட் பாதையவே வச்சுட்டு இருக்கும். ஆள் இல்லாம ஓட வேண்டிய வேலைக்கு சர்வர்லயே தனி கீ ஒண்ணு போடுங்க, எதிர் பக்கம் ஆதரைஸ்ட் கீஸ் ஃபைல்ல ஆர்ஆர்சிங்க் ஸ்கிரிப்ட் வச்சு அந்த கீய ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கட்டி போடுங்க. ஆர்சிங்க் கூடவே வர்ற ஸ்கிரிப்ட் தான் அது.

நிக்குதுன்னு தெரிஞ்சா ஸ்கிரிப்டே கொன்னுட்டு மறுபடி தொடங்கட்டுமேன்னு தோணும். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பாதில விட்ட பெரிய ஃபைல ஆர்சிங்க் தொடரும்போது, வாங்கற பக்கம் முதல்ல ஏற்கனவே இருக்கற பாதிய முழுசா படிச்சு துண்டு துண்டா செக்சம் போடும். 70 ஜிபி படிக்க சாதா ஹார்ட் டிஸ்க்ல பத்து நிமிஷம் சர்வ சாதாரணமா ஆகும், அந்த நேரம் பூரா நெட்வொர்க்ல ஒண்ணும் பெருசா போகாது, ஃபைல் வளராது. 5 நிமிஷம் ரெண்டு தடவ பாத்துட்டு நிக்குதுன்னு கொன்னா, மறுபடி தொடங்கும், மறுபடி படிக்க ஆரம்பிக்கும், மறுபடி கொல்லும், விடிய விடிய இதே நடக்கும், ஒரு பைட் நகராது. அதனால ஆர்சிங்குக்கு மட்டும் ப்ராக் டைரக்டரில ஐஓ ஃபைல்ல ஆர்சார் (இதுவரைக்கும் படிச்ச பைட்) எண்ணிக்கையையும் சேத்து பாக்கணும், படிக்கற எண்ணிக்கை ஏறிட்டே இருந்தா அது வேலை செய்யுது, தொடாதீங்க. ரெண்டாவது, கொல்றதுன்னா டெர்ம் சிக்னல் (முடிச்சுட்டு கெளம்புன்னு சொல்றது) தான், கில் 9 (கேக்காம உடனே கொல்றது) வேணவே வேணாம். டெர்ம் வாங்குனா ஆர்சிங்க் வந்த பாதிய ஒழுங்கா எடுத்து வச்சுட்டு போகும், 9 போட்டா அதுக்கு நேரமே கெடைக்காது, புள்ளில ஆரம்பிச்சு கடைசில ஆறு கண்டபடி எழுத்தோட ஒரு டெம்ப் ஃபைல் அங்கயே கெடக்கும், அடுத்த ரன் அத கண்டுக்காது. டிஸ்க் ஏன் நெறஞ்சுதுன்னு தெரியலன்னு வர்ற சர்வர்ல நான் முதல்ல தேடறது இந்த ஃபைல்கள தான்.

ஒரே டிரான்ஸ்ஃபர் ரெண்டு தடவ ஓடாம பாத்துக்க ஃப்ளாக் (flock) கமாண்ட் போதும். பிட் (PID) ஃபைல், அதாவது ப்ராசஸ் நம்பர ஒரு ஃபைல்ல எழுதி வைக்கற பழக்கம் இன்னும் நெறைய ஸ்கிரிப்ட்ல இருக்கு, சர்வர் திடீர்னு ரீபூட் ஆனா அந்த ஃபைல் அப்படியே இருக்கும், அதுல இருக்கற நம்பர இப்ப வேற ஏதோ ப்ராசஸ் வச்சுட்டு இருக்கும், ஸ்கிரிப்ட் "ஏற்கனவே ஓடுது"ன்னு சொல்லிட்டு போயிரும். ஃப்ளாக் கர்னல்கிட்ட இருக்கற லாக், ப்ராசஸ் எப்படி செத்தாலும் கர்னலே எடுத்துடும். டீமக்ஸ தொடங்கற ஸ்கிரிப்ட்ல போடாம, டீமக்ஸுக்குள்ள ஆர்சிங்க ஓட்டற வரிக்கு முன்னாடி போடுங்க, லாக்கும் டிரான்ஸ்ஃபரும் ஒண்ணாவே பொறந்து ஒண்ணாவே போகணும்.

கடைசியா, பாக்கி 0 ஆனா முடிஞ்சுதுன்னு என் ஸ்கிரிப்ட் எழுதாது. ஈஎன்ஏ ஒவ்வொரு ஃபைலுக்கும் எம்டி5 (ஃபைல் மாறாம வந்துச்சான்னு பாக்கற செக்சம்) குடுக்கறாங்க, ஃபைல் ரிப்போர்ட்ல ஒரு காலமாவே வரும். டவுன்லோடு முடிஞ்சதும் அத இங்க கணக்கு போட்டு ஒப்பிட்டு பாக்கும், ஒத்துப்போச்சுன்னா மட்டும் சரிபாத்தாச்சுன்னு எழுதி, ஃபைல வேற ஃபோல்டருக்கு மூவ் பண்ணும். ரெண்டு ஃபோல்டரும் ஒரே ஃபைல் சிஸ்டம்ல இருக்கணும், அப்பதான் மூவ்ங்கறது வெறும் பேர் மாத்தமா ஒரே நொடில முடியும், பாதி காப்பி ஆன நிலைமைல யாரும் ஃபைல பாக்க வழியே இல்ல. பசங்களோட பைப்லைன் எல்லாம் அந்த ரெண்டாவது ஃபோல்டர மட்டும் தான் பாக்கும். எம்டி5 ஒத்துப்போகலன்னா எந்த துண்டுல தப்புன்னு எஃப்டிபில கண்டுபுடிக்க முடியாது, அந்த ஃபைல முழுசா அழிச்சுட்டு முதல்ல இருந்து தான். அந்த ஒரு முடிவ மட்டும் ஸ்கிரிப்ட்கிட்ட விடல, மெயில் வரும், ஆள் வந்து பாத்துட்டு தான் அழிக்கணும்.